பூஜ்ஜியத்துக்கும் கீழே ஒரு தண்ணீர்

பி.எச். அளவு 0-வில் தொடங்கி 14-இல் முடியும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கும். கார் பேட்டரியில் ஊற்றும் கந்தக அமிலம் 1-க்கும் கீழே இறங்கும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அமிலத்தின் வீரியம் பத்து மடங்கு கூடும் என்பதையும் இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவின் வடபகுதியில், ரெடிங் நகரத்தை அடுத்து அயர்ன் மவுண்டன் என்றொரு மலை. அதன் வயிற்றுக்குள் ரிச்மண்ட் சுரங்கம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த கிர்க் நார்ட்ஸ்ட்ராமும் சார்லஸ் ஆல்பர்ஸும் 1990, 91 ஆண்டுகளில் அதற்குள் போய், அங்கே சொட்டியும் தேங்கியும் கிடந்த நீரைப் பிடித்துவந்தார்கள். அதில் ஒரு சாம்பிளின் பி.எச். மைனஸ் 3.6.

அந்த எண்ணைச் சொல்வதற்கே அவர்கள் படாத பாடு பட்டார்கள். பி.எச். மீட்டரை வேலைக்கு விடுமுன் அளவு தெரிந்த கரைசல் ஒன்றில் அதை முக்கிச் சரிபார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் கரைசல்கள் இவ்வளவு ஆழத்துக்கு வராது. கந்தக அமிலத்தைப் பல வீரியங்களில் தாங்களே கலந்து, ஒவ்வொன்றின் பி.எச். என்னவாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதை வைத்து மீட்டரைச் சரிசெய்த பிறகுதான் சுரங்க நீரை அளக்க முடிந்தது. முடிவுகள் 2000-இல் வெளிவந்தன. ஒரு லிட்டரில் 200 கிராம் வரை கரைந்த உலோகம், 760 கிராம் வரை சல்ஃபேட். இதைத் தண்ணீர் என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான்.

எந்த ஆலையும் இந்த அமிலத்தைக் கொண்டுபோய் அங்கே கொட்டவில்லை. மலைதான் காய்ச்சியது, இன்னமும் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.

காரணம் பைரைட். தங்கம்போல மினுங்கி ஆளை ஏமாற்றுகிற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அயர்ன் மவுண்டனின் தாதுத் திரள்கள் கிட்டத்தட்ட முழுக்கப் பைரைட்தான். காற்றுப் படாமல் பூமிக்குள் கிடக்கிறவரை அது சாது. 1860-களில் தொடங்கி 1963 வரை இரும்பு, வெள்ளி, தங்கம், செம்பு, துத்தநாகம் என்று அந்த மலையைக் குடைந்தெடுத்தார்கள். வெட்டிய ஒவ்வொரு சுரங்கப் பாதையும் காற்றுக்குத் திறந்த வாசல். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே இறங்கி வர, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பைரைட்டைப் பிளக்கிறது. கந்தகம் கந்தக அமிலமாகிறது. இரும்பு கரைந்து ஓடுகிறது. இந்த வினையில் வெப்பம் வேறு பிறக்கும். ரிச்மண்ட் சுரங்கத்தின் நீர் 47 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தது.

வேதியியலை மட்டும் நம்பியிருந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். கரைந்த இரும்பு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறினால்தான் அது திரும்பவும் பைரைட்டைக் கடிக்கும். அமிலத்தில் அந்த மாற்றம் ஆமை வேகம். அங்கேதான் நுண்ணுயிர்கள் வருகின்றன. இரும்பை மாற்றுவதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலே அவற்றின் சாப்பாடு. அவை புகுந்துவிட்டால் வினை சுமார் பத்து லட்சம் மடங்கு வேகம் பிடிக்கும். இப்படிப்பட்ட பாக்டீரியம் ஒன்றை நிலக்கரிச் சுரங்கக் கசிவிலிருந்து 1947-லேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். ரிச்மண்டில் 2000-இல் கிடைத்தது அதைவிட விசித்திரம்: ஃபெரோபிளாஸ்மா என்ற ஓர் ஆர்க்கியா, அதாவது பாக்டீரியா அல்லாத வேறொரு வகை நுண்ணுயிர். அதற்குச் செல்சுவரே கிடையாது. வெறும் மெல்லிய சவ்வோடு பேட்டரி அமிலத்தில் குடித்தனம் நடத்துகிறது. அந்தச் சுரங்கத்து நீரின் மேல் படர்ந்திருந்த இளஞ்சிவப்புப் படலத்தை எடுத்து, உயிர்களைத் தனித்தனியே வளர்க்காமல் மொத்தமாகவே மரபணுக்களைப் படித்து, அதிலிருந்து தனித்தனி உயிர்களின் மரபணுத் தொகுப்பைக் கிட்டத்தட்ட முழுசாகக் கூட்டிக்காட்டியது ஜில் பேன்ஃபீல்டின் குழு. ஆண்டு 2004. இன்று குடல் நுண்ணுயிர்களை இதே முறையில் படித்து நாம் பேசுகிற பேச்சுக்கெல்லாம் இந்த அமிலக் குகையும் ஒரு முன்னோடி.

அமெரிக்கா தூரம் என்றால் மேகாலயா பக்கம்தான். ஜைந்தியா மலைகளின் நிலக்கரியில் கந்தகம் அதிகம். ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கே குடைந்த எலிவளைச் சுரங்கங்களிலிருந்து அதே அமிலம் கசிகிறது. லூகா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாகிவிடும். பார்க்க அழகு, மீன் கிடையாது. கோப்பிலி நீர்மின் நிலையத்தின் இயந்திரப் பாகங்களை அமில நீர் அரித்துத் தின்றது. 2014-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. தடை ஆட்களைத்தான் நிறுத்தும். வெட்டிய குழிக்குள் போகிற காற்றையும் மழையையும் நிறுத்தாது.

அப்படியானால் சுரங்க வாயை இறுக அடைத்துவிட்டால் என்ன? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அயர்ன் மவுண்டனிலும் யோசித்தார்கள். நார்ட்ஸ்ட்ராமும் ஆல்பர்ஸும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பழைய சுரங்கச் சுவர்களில் உப்புகள் பூத்துக் கிடக்கின்றன: பச்சை, மஞ்சள், வெள்ளை என்று நிறம் நிறமாக இரும்புச் சல்ஃபேட்டுகள். ஒவ்வொரு உப்பும் காய்ந்துபோன அமிலம்தான், நீர் பட்டதும் கரைந்து பழைய வேலையைத் தொடங்கும். வாயை அடைத்தால் உள்ளே நீர் நிரம்பி அந்த உப்பெல்லாம் கரையும், பி.எச். 1-ஐத் தாண்டாத சுமார் 6 லட்சம் கன மீட்டர் அமில ஏரி ஒன்று மலைக்குள் நிற்கும். அது எந்த வெடிப்பு வழியாக, எந்தப் பக்கம் வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடைக்கும் யோசனை கைவிடப்பட்டது. வருகிற நீரை ஒழுங்காக வெளியே கொண்டுவந்து, சுண்ணாம்பு கலந்து, உலோகத்தைச் சேறாகப் படியவைத்துத் தெளிந்ததை விடுகிறார்கள். 1994-லிருந்து இதற்கான சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. அதற்கு முன்பு சராசரியாக நாளொன்றுக்கு ஒரு டன் அளவுக்குச் செம்பும் துத்தநாகமும் சேக்ரமெண்டோ ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. சால்மன் மீன்கள் முட்டையிடுகிற ஆறு அது. இந்த மலை இப்படியே இன்னும் 2,500 முதல் 3,000 ஆண்டுகள் அமிலம் விடும் என்பது மதிப்பீடு. நூறு ஆண்டு வேலைக்கு மூவாயிரம் ஆண்டுப் பராமரிப்பு. இந்தக் கணக்கை எந்தக் கம்பெனியின் வரவு செலவுப் புத்தகத்திலும் எழுத இடமில்லை.

இனி அளக்கிறவர்களைப் பார்ப்போம். சுரங்க வாயில் தண்ணீரை அளப்பது கவர்ச்சியான வேலை அல்ல. வடிகாலின் குறுக்கே ஒரு தகடு. அதில் நடுவே ‘வி’ வடிவத்தில் ஒரு வெட்டு. தண்ணீர் அந்த வெட்டு வழியாக மட்டும்தான் விழ வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல். செங்கோண வெட்டாக இருந்து, அதன் அடி முனையிலிருந்து நீர்மட்டம் 10 செ.மீ. நின்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர் போகிறது என்று அர்த்தம். மட்டம் 20 செ.மீ. ஆனால் ஓட்டம் இரண்டு மடங்கு ஆகாது. ஐந்தரை மடங்குக்கும் மேல், ஏறக்குறைய 25 லிட்டர். மின்சாரம் வேண்டாம், கருவி கெட்டுப்போகும் பயம் இல்லை. இலை தழை மாட்டினால் கையால் எடுத்துப் போட்டால் போதும்.

ஓட்டத்தை ஏன் அளக்க வேண்டும், பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா என்றால், போதாது. கோடையில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் துத்தநாகம், மழையில் 5 மில்லிகிராம் என்று அறிக்கை வந்தால், மழையில் நிலைமை தேவலை என்று தோன்றும். கோடையில் நொடிக்கு 5 லிட்டர் ஓடியிருந்தால் நாளுக்கு 4.3 கிலோ துத்தநாகம். மழையில் 50 லிட்டர் ஓடியிருந்தால் நாளுக்கு 21.6 கிலோ. ஆற்றுக்குத் தெரிவது இந்தக் கிலோக் கணக்குதான். ஓட்டத்தைச் சொல்லாமல் மில்லிகிராமை மட்டும் சொல்கிற அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றே எடுத்துக்கொள்வேன்.

பி.எச். அங்கேயே, அந்த நிமிடமே பார்க்க வேண்டும். பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோவதற்குள் கரைந்த வாயு வெளியேறும், இரும்பு துருவாகப் படியும், எண் மாறிவிடும். உலோகத்துக்கான சாம்பிளை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விடுவார்கள். அமிலத்தைத் தேடப் போன இடத்தில் அமிலம் ஊற்றுகிறார்களே என்று நினைக்கலாம்; விடாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகம் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதும். வடிகட்டாத சாம்பிள் ஒன்றும் தனியாகப் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், எவ்வளவு உலோகம் மண்துகளில் தொற்றிக்கொண்டு பயணம் செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். சுரங்கத்துக்கு மேலேயும் கீழேயும் ஆற்றில் தனித்தனியே எடுப்பார்கள். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளின் இளம்பருவங்களையும் எண்ணுவார்கள். பாட்டில் சொல்வது அது நிரம்பிய நிமிடத்தின் கதை; பூச்சி சொல்வது கடந்த சில மாதங்களின் கதை.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொலராடோ மாநிலத்தின் கோல்ட் கிங் சுரங்கம் இருக்கிறது. கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம். வாய் சரிந்து மண் மூடிக் கிடந்தது. அந்த வட்டாரத்தில் வேறொரு சுரங்கத்தின் வடிகால் பாதையை 1996-இல் அடைத்த பிறகு மலைக்குள் நீர்மட்டம் உயர்ந்திருந்தது. 2015 ஆகஸ்ட் 5 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்களே, துப்புரவுப் பணிக்கு முன்னோட்டமாக, அந்தச் சரிந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே நீர் பாதி அளவுக்குத்தான் நிற்கும், அழுத்தம் இருக்காது என்று நம்பினார்கள். முதலில் ஒரு சிறு பீய்ச்சல். பிறகு மொத்தமும் பிய்த்துக்கொண்டு வந்தது. 30 லட்சம் கேலன், அதாவது 1 கோடியே 10 லட்சம் லிட்டருக்கும் மேல். அனிமாஸ் ஆறு ஆரஞ்சு நிறத்தில் ஓடிய படங்களை உலகமே பார்த்தது. கீழே சான் ஹுவான் ஆற்றங்கரையில் நவாஹோ பழங்குடி விவசாயிகள் பயிர் நிற்கும்போதே வாய்க்கால் மதகை மூட வேண்டியதாயிற்று.

பின்னால் நடந்த விசாரணையின் அறிக்கை கை வைத்த இடம் ஒன்றுதான்: மேலிருந்து ஒரு துளை போட்டு உள்ளே நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பக்கத்து ரெட் அண்டு போனிட்டா சுரங்கத்தில் அதைச் செய்திருந்தார்கள். இங்கே செய்யவில்லை. ஒரு துளை.

தண்ணீரைச் சொல்லிவிட்டு மண்ணைச் சொல்லாமல் விட்டால் பாதி கதைதான். நிலத்தடிச் சுரங்கம் என்றால் வேலையெல்லாம் பூமிக்கு அடியில், மேலே காடும் வயலும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். உள்ளே குடைந்த பாறை எங்கே போகும்? மேலேதான் வந்து குவியும். லாரிப் பாதை போட மலைச்சரிவை வெட்ட வேண்டும். உள்ளே கூரை சரிந்தால் மேலே நிலம் உள்வாங்கி வெடிக்கும். அந்த வெடிப்பில் ஓடை புகுந்தால் சுரங்கத்துக்கு இன்னும் நீர். மழை இந்தக் குவியலையும் வெட்டையும் அரித்து அடியில் கிடந்த புதுப் பாறையைக் காற்றுக்குக் காட்டும். அங்கே பைரைட் இருந்தால் அமில வேலை புதிதாகத் தொடங்கும். அரிப்பும் அமிலமும் ஒன்றையொன்று தூக்கிவிடும் பங்காளிகள்.

இதில் தமிழருக்கு நன்றாகத் தெரிந்த இடம் கோலார் தங்கவயல். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி வைத்த சுரங்கம். வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டிய தங்கம். 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். ஊருக்குள் போனால் கண்ணில் முதலில் படுவது தங்கமும் அல்ல, சுரங்கமும் அல்ல. வெளிறிய நிறத்தில், மரம் மட்டை இல்லாமல் நிற்கும் மேடுகள். சயனைடு மலை என்று சொல்வார்கள். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம்தான் இருக்கும். அதைப் பிடிக்கப் பாறையை இட்லி மாவு பதத்துக்கு அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, தங்கம் போக மீதியைக் கொட்டுவார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் கொட்டியது கோடிக்கணக்கான டன். சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துபோகும். அரைபட்ட பாறை சிதையாது. காற்றுக் காலத்தில் தூசியாக வீடுகளுக்குள் வருகிறது. மழைக் காலத்தில் மேட்டின் உடம்பில் ஓடை ஓடையாக அரித்துக் கொண்டு கீழே இறங்குகிறது. சினிமாக்காரர்களுக்கு நல்ல பின்னணி. குடியிருப்பவர்களுக்கு இருமல்.

இந்த மாவு ஏன் இவ்வளவு தொல்லை என்பதற்குப் பதில் துகளின் அளவில் இருக்கிறது. அசையாத தண்ணீரில் 0.1 மி.மீ. மணல் துகள் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.01 மி.மீ. வண்டல் துகளுக்கு மூன்று மணி நேரம். 0.001 மி.மீ. களிமண் துகளுக்கு ஏறக்குறைய 13 நாள். துகள் பத்தில் ஒன்றானால் இறங்கும் நேரம் நூறு மடங்கு. அதனால்தான் சுரங்கத்துக்குக் கீழே வண்டல் குட்டை வெட்டினாலும் மணல் மட்டும் நின்றுவிட்டு, கலங்கல் கரை தாண்டிப் போய்விடுகிறது. படிகாரம்போல ஏதாவது கலந்து துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தால்தான் படியும். கலங்கிய கிணற்றுத் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்ட நம் கிராமத்து ஆட்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

குட்டையில் பிடிப்பதைவிட மேலேயே பெயராமல் நிறுத்துவது மலிவு. அனுபவசாலிகள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அதிலும் முதல் வேலை, மேட்டுக்கு மேல்புறமாக ஒரு வாய்க்கால் வெட்டி, சுத்தமான மழைநீரைக் குவியல் பக்கமே வராமல் சுற்றி அனுப்பிவிடுவது. சரிவைப் படிப்படியாக வெட்டி நீரின் வேகத்தை ஒடிப்பது, வாய்க்காலில் கல் பாவுவது, குறுக்கே சிறு தடுப்புகள் கட்டுவது எல்லாம் பிறகு. கடைசியில் புல். மேல்மண்ணை ஆரம்பத்திலேயே வழித்துத் தனியாகச் சேமித்து வைத்திருந்தால் புல் பிடிக்கும். இல்லாவிட்டால் சத்தே இல்லாத அரைத்த பாறையில் எந்த விதையும் வேரூன்றாது. மேல்மண்ணை ஒதுக்கி வைக்கிற முடிவை முதல் வெடி வைப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1977-இல் வந்த நிலக்கரிச் சுரங்கச் சட்டம் நிலத்தடிச் சுரங்கங்களின் மேற்பரப்பையும் அரிப்பைத் தடுக்கும், மேல்மண்ணைக் காக்கும் கட்டுப்பாடுகளுக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் கனிமச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும் அதற்கு ஈட்டுத் தொகையும் விதிகளில் கட்டாயமானது 2003-இல். கோலார் அதற்கு இரண்டு ஆண்டு முன்னாலேயே மூடப்பட்டுவிட்டது.

விதி வந்துவிட்டதே என்று இருந்துவிட முடியாது. இன்று நம் நாட்டில் புதிதாகச் சுரங்கம் தொடங்க விண்ணப்பிக்கும்போது, வேலை தொடங்குமுன் அந்த இடத்தின் நீரும் மண்ணும் காற்றும் எப்படி இருந்தன என்ற அடிப்படை அளவுகளைக் கொடுக்க வேண்டும். பிற்காலத்தில் எந்த வழக்கு வந்தாலும் அந்த எண்களோடு ஒப்பிட்டுத்தான் பேச முடியும். அதற்கு ஒரு பருவத்து அளவு போதும் என்கிறது வழக்கமான நிபந்தனை. எந்தப் பருவம்? மழைக்காலம் நீங்கலாக ஏதோ ஒன்று. உப்பு கரைந்து இறங்குவதும் மேடு அரித்து ஓடுவதும் மழையில்தான். அளக்க வேண்டாம் என்று விட்டுவைத்திருப்பதும் அந்த மாதங்களைத்தான்.

சுரங்கத் திட்டத்துக்கான மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர்ப் பக்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படியுங்கள். மழைக்கால நீர் அளவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஓட்டத்தோடு சேர்த்து அளந்தார்களா என்று எழுந்து நின்று கேளுங்கள். கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறியாக வேண்டும்.